முதலாளிமார் கையில் கொடுத்த வேலைத்திட்டம்



1993 ஆம் ஆண்டு மாரிகாலம். கிழக்கு லண்டனில் ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போனேன். ஊரில் ஐந்து வருடம் கணக்கெழுதிய அனுபவம் எனக்கு இருந்தது. இங்கே ஒரு சான்றிதழ் எடுத்தால் அலுவலக வேலை கிடைக்கும் என்ற நப்பாசை. அங்கிருந்த பெண்மணி நல்லவர். என்னுடைய ஆங்கிலத்தைச் சோதித்துவிட்டு ஒளிக்காமல் சொன்னார்: "நீங்கள் முடித்துச் சித்தியடையாவிட்டால் எங்களுக்கு வரவேண்டிய காசு வராது. அதனால் உங்களை எடுப்பது எங்களுக்குக் கஷ்டம்." அன்றிரவு பெற்றோல் நிலைய வேலைக்குத் திரும்பப் போனேன். நம்மில் எத்தனையோ பேருக்கு இதே கதைதான்.

அந்தக் காசுக் கணக்கை யார் வகுத்தார்கள் என்று வெகுகாலத்துக்குப் பிறகுதான் தேடிப் படித்தேன்.

பிரித்தானியாவில் 1974 இலிருந்து தொழிற்பயிற்சியை நடத்தியது ஆளணிச் சேவைகள் ஆணைக்குழு. அதில் முதலாளிமாரும் தொழிற்சங்கத்தினரும் சம எண்ணிக்கையில் இருந்தார்கள். உள்ளூராட்சியினருக்கும் கல்வித்துறைக்கும் இடம் இருந்தது. 1988 இல் தட்சர் அரசாங்கம் வேலையில்லாதோருக்கான புதிய பயிற்சித் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, உதவிப்பணத்துக்கு மேலே சிறு தொகை கொடுத்து வேலை வாங்குவது மலிவுக்கூலி என்று தொழிற்சங்கப் பேரவை அதைப் பகிஷ்கரித்தது. அரசாங்கம் அந்த ஆணைக்குழுவையே இல்லாமற் செய்தது.

அதே ஆண்டு டிசம்பரில் அமைச்சர் நோர்மன் பௌலர் வெள்ளை அறிக்கை ஒன்றை வெளியிட்டார். ஒவ்வொரு பிரதேசத்திலும் பயிற்சியையும் தொழில் வளர்ச்சியையும் மேற்பார்வை செய்ய ஒரு மன்றம். அதன் பணிப்பாளர் சபையில் மூன்றில் இரண்டு பங்கினர் தனியார் கொம்பனிகளின் தலைமைப் பதவியில் உள்ளவர்களாக இருக்க வேண்டும். மாநகர சபைக்கோ தொழிற்சங்கத்துக்கோ உரிமையாக ஒரு கதிரையும் கிடையாது. அமெரிக்காவில் இருந்த தனியார் தொழில்துறை மன்றங்களைப் பார்த்துச் செய்த ஏற்பாடு இது. 1990 இலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 82 மன்றங்கள் உருவாகின. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து 'ரெக்' என்பார்கள். ஸ்கொட்லாந்தில் வேறு பெயரில் இன்னும் 22.

நேரம்தான் சரியில்லை. 1988 இல் ஆள் பற்றாக்குறை வரப்போகிறது என்று கணக்குப்போட்டுத் தீட்டிய திட்டம் இது. மன்றங்கள் கதவைத் திறக்கும்போது பொருளாதார மந்தம் வந்துவிட்டது. 1993 தொடக்கத்தில் வேலையில்லாதோர் ஏறக்குறைய முப்பது லட்சம். தங்கள் கொம்பனிகளிலேயே ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்த முதலாளிமார், மாலையில் வந்து வேலைவாய்ப்புத் திட்டம் போட வேண்டியதாயிற்று.

அவர்களைச் சும்மா குறைசொல்ல எனக்கு மனம் வராது. பலர் ஊதியமில்லாமல் வந்து குந்தினார்கள். இந்தப் பயிற்சி முடிந்தால் உண்மையில் வேலை இருக்கிறதா என்று அவர்கள் கேட்டது சரியான கேள்வி. ஆனால் மன்றத்துக்கு வந்த காசில் பெரும்பகுதி அரசின் வேலையில்லாதோர் திட்டங்களுக்கென்று முன்பே கட்டப்பட்டிருந்தது. ஊருக்கு ஏற்றபடி செலவழிக்க மிஞ்சியது கொஞ்சம். பெயருக்கு மேற்பார்வை இவர்களிடம், மடிசீலைக் கயிறு வைற்ஹோலில்.

அதோடு பெறுபேற்றுக்குக் காசு என்ற முறை வந்தது. ஒருவர் வகுப்பில் இருந்தால் மட்டும் போதாது. சான்றிதழ் எடுத்தால், வேலைக்குப் போனால்தான் முழுக்காசு. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் என்ன நடந்தது? பயிற்சி நிலையங்கள் இலகுவாகத் தேறக்கூடியவர்களைப் பொறுக்கி எடுத்தன. ஆங்கிலம் தடக்குகிறவர், வருத்தக்காரர், நீண்டகாலம் வேலையில்லாதவர் வெளியில் நின்றார்கள். பயிற்சி அதிகம் தேவைப்பட்டதும் அவர்களுக்குத்தான்.

1994 கடைசியில் தென்கிழக்கு லண்டனின் சவுத் தேம்ஸ் ரெக் கடனில் முறிந்தது. அதை நம்பி வகுப்பு நடத்திய நிலையங்கள் காசுக்கு அலைந்தன. கொம்பனி நடத்தத் தெரிந்தவர்களிடம் கொடுத்தால் கணக்கு ஒழுங்காக இருக்கும் என்றுதானே சொன்னார்கள்!

2001 இல் ரெக் மன்றங்கள் மூடப்பட்டன. ஆனால் அந்த யோசனை சாகவில்லை. தொழிற்கட்சி 1999 இல் பிரதேச அபிவிருத்தி முகவரகங்களை அமைத்தது. அவற்றையும் வர்த்தகப் பின்னணி உள்ளவர்களே பெரும்பாலும் தலைமை தாங்கினார்கள். 2010 இல் வந்த கூட்டரசாங்கம் அவற்றைக் கலைத்து, முதலாளிமார் தலைமையில் 39 உள்ளூர்த் தொழில்முயற்சிக் கூட்டமைப்புகளைக் கொண்டுவந்தது. கேம்பிரிட்ஜ் பகுதியில் இருந்த ஒன்று, நிர்வாகம் பற்றிய முறைப்பாடுகளுக்குப் பின்னர் 2018 இல் மூடப்பட்டது. 2024 ஏப்ரலுடன் மற்றவற்றுக்கும் மத்திய அரசின் அடிப்படை நிதி நின்றுவிட்டது. பொறுப்பு உள்ளூராட்சிகளிடம் திரும்பிப்போனது.

இப்போது இருப்பது உள்ளூர்த் திறன் மேம்பாட்டுத் திட்டம். 2022 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, எந்தத் தொழிலுக்கு எந்தப் பயிற்சி வேண்டும் என்பதை எழுதுவதில் முதலாளிமார் அமைப்புகளே முன்னுக்கு நிற்கின்றன. கல்லூரிகள் அதைக் கவனத்தில் எடுக்க வேண்டும்.

இதற்காக எங்கள் பகுதியில் வைத்த ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். வாரநாள், காலை பத்து மணி. கடை வைத்திருக்கிற எம்மவர் யாரால் வர முடியும்? நாற்பது பேரளவில் இருந்தார்கள். தமிழர் நானும் ஒரு கணக்காளத் தம்பியும் மட்டும். கட்டுமானம், கணினி, பராமரிப்பு வேலை என்று நன்றாகத்தான் பேசினார்கள். கடைசியில் கையை உயர்த்தி, வேறு நாட்டில் தொழில் பழகி வந்து ஆங்கிலம் போதாமல் நிற்பவருக்கு இந்தத் திட்டத்தில் எந்தப் பக்கத்தில் இடம் என்று கேட்டேன்.

மேடையில் இருந்தவர் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். நல்ல கேள்வி, குறித்துக்கொள்கிறோம் என்றார். எழுத்துமூலம் கருத்து அனுப்ப ஒரு மின்னஞ்சல் முகவரியும் தந்தார்கள். அந்தத் தம்பியும் நானும் அடுத்த ஞாயிறு இருந்து அந்தக் கடிதத்தை எழுதுகிறோம். 1993 இல் கதவடியில் நின்றவர்கள் வேறு யாராவது இருந்தால், உங்கள் கதையையும் நிலையத்துக்கு எழுதி அனுப்புங்கள், அதையும் சேர்த்துக்கொள்கிறோம்.