சலாம் வரிசையும் கர்னல் வெல்ஷும்

இப்போது நம்மூர்ப் பக்கம் மாலை நேரத்தில் பிள்ளைகள் கம்பும் கையுமாகச் சிலம்ப வகுப்புக்குப் போகிறார்கள். அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்த பிறகு பெற்றோருக்கும் அதில் ஒரு பிடிப்பு வந்திருக்கிறது. ஆனால் ஒரு தகப்பனார் என்னிடம் சலித்துக்கொண்டார். "கம்பு சுற்றச் சொல்லிக் கொடுத்தால் போதாதா சார்? தரையைத் தொட்டுக் கும்பிடு, கம்பைத் தாண்டாதே, இதெல்லாம் எதற்கு?"

அந்தக் காலத்துச் சிலம்பக்கூடங்களில் முதல் பாடமே இதெல்லாம்தான். செருப்பை வெளியே விட வேண்டும். மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். வெற்றிலை பாக்கு வைத்து வாத்தியாரை வணங்கி, கம்பை இரு கையாலும் வாங்க வேண்டும். இருவர் ஆட இறங்கினால் முதலில் சலாம் வரிசை. வாத்தியாருக்கும் களத்துக்கும் எதிராளிக்கும் வணக்கம் சொல்லும் காலடி அது. அது முடியாமல் கம்பு ஓங்கக்கூடாது. கீழே விழுந்தவனை அடிக்கக்கூடாது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். வாள் விளையாட்டில் அவர்கள் செய்யும் வணக்கத்துக்கு 'சல்யூ' என்று பெயர். நமது சலாமும் அவர்களது சல்யூவும் ஒலியில் ஒட்டினாலும் உறவில்லாத சொற்கள். ஒன்று அரபி, மற்றது லத்தீன் வழி வந்தது. செய்யும் காரியம் மட்டும் ஒன்றே. 2023-இல் மிலான் நகர உலகப் போட்டியில் உக்ரைன் வீராங்கனை ஓல்கா கார்லான், தம்மிடம் தோற்ற ரஷ்யப் பெண்ணுக்குக் கை கொடுக்க மறுத்து வாளை மட்டும் நீட்டினார். உடனே தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். பிறகு அந்த விதியையே தளர்த்த வேண்டி வந்தது. நாட்டில் போர் நடக்கும்போது களத்து மரியாதை எந்த அளவுக்குச் செல்லும்? இந்தக் கேள்வி நம் பக்கத்துச் சீமையில் இருநூறு வருஷத்துக்கு முன்பே எழுந்திருக்கிறது.

1795-இல் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற இளம் கம்பெனி அதிகாரி மதுரையில் இருந்தார். சிவகங்கைச் சீமையை ஆண்ட சின்ன மருது அவரிடம் பிரியமாக இருந்தார். நல்ல அரிசியும் பழங்களும் அனுப்பி வைப்பாராம். அதோடு நிற்கவில்லை. ஈட்டி எறியவும் வளரி வீசவும் அந்த வெள்ளைக்காரப் பையனுக்குக் கற்றுக்கொடுத்தார். தேர்ந்த கை வீசினால் வளரி நூறு கஜத்துக்குள் குறி தப்பாது என்று வெல்ஷ் எழுதியிருக்கிறார்.

வளரி நம் பக்கத்து ஆயுதம்தான். பிறை போல் வளைந்தது, ஒரு முனை கனத்தது. கள்ளர் கல்யாணங்களில் இரு வீட்டாரும் வளரி மாற்றிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. 1909-இல் வெளிவந்த தர்ஸ்டனின் நூலில் புதுக்கோட்டைத் திவான் தந்த குறிப்பு இருக்கிறது. மனிதனையே வீழ்த்தக்கூடிய வளரி வீரர்கள் சமஸ்தானத்தில் இப்போது இல்லை, முயல் வேட்டைக்கு எப்போதாவது எடுக்கிறார்கள் என்கிறது அது. வாத்தியார் போனால் வித்தை போய்விடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

1801 ஜூன் 16-இல் மருது சகோதரர்களின் பிரகடனம் திருச்சியில் ஒட்டப்பட்டது. கம்பெனி படையெடுத்தது. (நம் தொண்டைமான் எந்தப் பக்கம் நின்றார் என்பது வாசகர்களுக்குத் தெரியும். அதைக் கிளற வேண்டாம்.) வளரி கற்ற வெல்ஷும் அந்தப் படையில் வந்தார். தமக்கு வித்தை சொன்னவரைக் காட்டு விலங்கைப் போல் விரட்டியதையும், தொடை எலும்பு முறிந்து அவர் சிறையில் கிடந்ததையும், அண்ணன் தம்பி இருவரும் தூக்கில் தொங்கியதையும் வெல்ஷ் ஒளிக்காமல் எழுதுகிறார். அது நடந்தது திருப்பத்தூரில், 1801 அக்டோபர் 24.

வெல்ஷின் நினைவுக் குறிப்புகள் 1830-இல் லண்டனில் அச்சாயின. கம்பெனி பார்வையில் கலகக்காரராகத் தூக்கிலிடப்பட்டவரைத் தமக்கு வளரி கற்றுத் தந்தவர் என்று அதில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார். அழகர், அன்பானவர் என்றும் எழுதியிருக்கிறார். அதை ஒரு சலாம் வரிசை என்றே எடுத்துக்கொள்கிறேன். சலாம் போடும்போது எதிரில் வாத்தியார் உயிரோடு இல்லை என்பதுதான் குறை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. சின்ன மருதுவின் மகன் துரைசாமிக்கு அப்போது 15 வயது. 1802-இல் எழுபதுக்கும் மேற்பட்டவர்களோடு பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். 1818-இல் பினாங்கு போன வெல்ஷின் முன்னால் ஒரு தளர்ந்த மனிதர் வந்து நின்றார். முப்பதைத் தாண்டியவர், கிழவரைப் போல் இருந்தார். பெயர் கேட்டதும் துரைசாமி என்றார். வெல்ஷுக்கு நெஞ்சில் குத்தியது போல் ஆயிற்று. துரைசாமி தமக்கென்று எதுவும் கேட்கவில்லை. ஊரில் மிஞ்சியிருக்கும் உறவினருக்கு ஒரு கடிதம் கொண்டுபோய்ச் சேர்க்க முடியுமா என்றார், அவ்வளவுதான்.

உத்தரவு இடம் தராது என்று வெல்ஷ் மறுத்துவிட்டார்.

சர்க்கார் உத்தியோகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்த எனக்கு அந்தப் பதில் புரிகிறது. விதி அப்படித்தான். இருந்தாலும் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு, வெற்றிலை பாக்கு வைத்து வளரியை வாங்கிய ஒரு நம்மூர்ப் பிள்ளை வாத்தியார் மகனின் கடிதத்தை மடியில் செருகிக்கொண்டு வந்திருப்பான் என்றுதான் தோன்றுகிறது. அந்தத் தகப்பனாரிடம் இதைத்தான் சொன்னேன். பையனை விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.