மண்ணெண்ணெயில் ஓடிய மரக்கார்

மொறிஸ் மைனர் கார் இங்கிலாந்தில் 1948இல் அறிமுகமானது. அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். அதன் ஸ்ரேஷன் வாகன் வகைக்கு ‘ட்ரவலர்’ என்று பெயர். அது 1953இல் வந்து 1971 வரை தயாரிக்கப்பட்டது. முன்பாதி இரும்பு, பின்பாதி ‘ஆஷ்’ என்னும் மரத்தில் செய்த சட்டம். அந்த மரம் அலங்காரத்துக்கு வைத்ததல்ல. பின்பக்கக் கூரையையும் இரண்டு பின்கதவுகளையும் தாங்கியதே அதுதான். யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40 காருக்குத்தான் பெயர் அதிகம். எங்கள் வீட்டில் நின்றது 803 சி.சி. ட்ரவலர். ஊரார் அதை ‘மரக்கார்’ என்பார்கள்.

1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் புதிய கார்களின் வரவு சுருங்கியது. இருக்கிற காரைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. அப்பா மாமரத்தடியில் வைத்தே எல்லா வேலையும் செய்வார். வால்வு இடைவெளியை அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்காக வைப்பார். முன்சக்கரங்களைத் தாங்கும் மரை மூட்டுகளுக்குத் தவறாமல் கிறீஸ் அடிப்பார். அது காய்ந்து தேய்ந்தால் ஓடும்போதே சக்கரம் மடிந்துவிடும். மாரி முடிந்ததும் மரத்தின் கீழ்மூலைகளை ஊசியால் குத்திப் பார்ப்பார். ஊசி இறங்கினால் தச்சரைக் கூப்பிடுவார். உக்கிய துண்டை வெட்டி எடுத்துத் தேக்கில் புதுத்துண்டு பொருத்துவார்கள்.

1990இல் போர் மறுபடி தொடங்கியது. பொருளாதாரத் தடையில் பெற்றோல், பற்றரி எல்லாம் அடங்கின. போத்தல் கணக்கில் கிடைத்த பெற்றோலுக்கு யானை விலை. மண்ணெண்ணெயும் மலிவில்லை, ஆனால் கொஞ்சம் கிடைத்தது. குடாநாட்டின் பழைய கார்கள் அதில் ஓடத் தொடங்கின.

இளம்பிள்ளைகள் இதைக் கதை என்று நினைப்பார்கள். அந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு. எங்களுடையது 7.2க்கு 1. அதனால் தரம் குறைந்த எரிபொருளையும் ஓரளவு தாங்கியது. புகை வெளியேறும் குழாயும் காபரேற்றரும் ஒரே பக்கத்தில் இருந்ததால், குழாய் சூடேறியதும் மண்ணெண்ணெய் ஆவியாவது சுலபமாயிற்று. குளிர்ந்த எஞ்சின் மட்டும் பிடிவாதம் பிடிக்கும். காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு, ஹாண்டில் போட்டுச் சுற்றி, எஞ்சின் சூடான பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். கண் எரிக்கும் வெள்ளைப் புகை வரும். தெருவில் எந்தக் கார் போனாலும் அடுப்படி வாசம்தான்.

அதற்கு விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எஞ்சின் ஒயிலில் கலக்கும். அளவுக்கோலில் ஒயில் கூடியதுபோலக் காட்டும். உண்மையில் அது நீர்த்துப்போய் பெயரிங்குகளைத் தின்னத் தொடங்கியிருக்கும். பிளக்குகள் கரி பிடிக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கழற்றி, கம்பித் தூரிகையால் தேய்த்துப் போடுவோம். அந்த வேலை எனக்கும் தம்பிக்கும்.

காரின் அருமை இரவில்தான் தெரியும். பின் ஆசனத்தை மடித்துப் பாய் விரித்தால் ஓர் ஆள் நீட்டிப் படுக்கலாம். பிரசவ வலி, பாம்புக்கடி, ஷெல் காயம் என்று அயலவர் படலையைத் தட்டுவார்கள். ‘மாஸ்ரர், கார் வெளிக்கிடுமோ?’ என்பதுதான் முதற்கேள்வி. பெரியாஸ்பத்திரிக்குப் போவதற்கென்றே ஒரு சோடாப் போத்தல் பெற்றோலை அம்மா சாமியறையில் ஒளித்து வைத்திருந்தார். வேறு எதற்கும் அதைத் தொட விடமாட்டார்.

அதே தசாப்தத்தில் இங்கிலாந்தில் மைனர்களைப் புதுப்பித்துவந்த சார்ள்ஸ் வெயர் என்பவர், அந்தக் கார்களுக்கான தகட்டுப் பாகங்களை இலங்கையில் செய்விக்கத் தொடங்கினார். நாட்டின் ஒரு பக்கத்தில் சீமைக்குப் பாகம் போனது. எங்கள் பக்கத்தில் சைக்கிள் ரியூப்பை வெட்டி வாஷர் செய்தோம்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே இடம்பெயர்ந்தது. கொட்டும் மழையில், சன நெரிசலில், நாவற்குழி கடந்து தென்மராட்சிக்கு அந்தக் கார் எங்களையும் அயல்வீட்டுக் கிழவிகள் மூவரையும் சுமந்து போனது. அடுத்த ஆண்டு ஊர் திரும்பும்போது ஒரு சொட்டு எரிபொருளும் இல்லை. தெரிந்தவர் வளவில் கல்லடுக்கி ஏற்றிவிட்டு வந்தோம். பிறகு போய்ப் பார்த்தபோது மரச்சட்டம் முழுவதும் கறையான் மண். அப்பா பேசாமல் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினார். எஞ்சின் இறுகாமல் சுற்றியது.