நடுவில் ஒரு எழுத்து

எஸ்.ஆர்.என்., எஸ்.இ.என். பிரிட்டிஷ் ஆஸ்பத்திரிகளில் நர்ஸ்களுக்கு இந்த இரண்டு தகுதிகள் இருந்தன. முதலாவது மூன்று வருடப் படிப்பு. முடித்தால் ஸ்டாஃப் நர்ஸ், சிஸ்டர், மேட்ரன் என்று மேலே போகலாம். இரண்டாவது, போர்க்கால ஆள் பற்றாக்குறையில் 1943ஆம் வருடச் சட்டம் உண்டாக்கியது. இரண்டு வருடம், செய்முறைப் பயிற்சிதான் பிரதானம். அதற்கு மேல் படி கிடையாது.

1948 ஜூலை 5 அன்று அரசு இலவச மருத்துவச் சேவையைத் தொடங்கியது. கட்டில் இருந்தது, நர்ஸ் இல்லை. கரீபியத் தீவுகளில் ஆள் எடுத்தார்கள். பார்படோஸ் அரசாங்கமே 1955லிருந்து அனுப்பி வைத்தது. பதினெட்டு, இருபது வயசுப் பெண்கள். நர்சிங் படிக்கப் போகிறோம் என்று கப்பலேறினார்கள். எந்த நர்சிங் என்று கேட்கணும்னு யாருக்குத் தோன்றும்? பள்ளிச் சான்றிதழ் சரியாக இருந்தும் தங்களை இரண்டாவது படிப்பில் தள்ளிவிட்டார்கள் என்பது, பின்னாளில் அவர்கள் சொன்ன வாய்மொழி வரலாறுகளில் திரும்பத் திரும்ப வருகிறது.

வயதானவர்கள் வார்டு, மனநல வார்டு, ராத்திரி டியூட்டி: வெள்ளைக்காரப் பெண்கள் தயங்கிய இடமெல்லாம் இவர்களுக்கு. குழந்தை பிறந்த பிறகு ராத்திரி டியூட்டியைத் தாங்களாகவே கேட்டு வாங்கியவர்களும் உண்டு. பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம் இல்லையா? தூக்கம் எப்போது என்பது வேறு கதை. ராத்திரியில் வார்டு முழுக்க இவர்கள் பொறுப்பில் விடப்பட்டதும் நடந்தது. காலையில் பொறுப்பு போய்விடும், சம்பளம் அப்படியே இருக்கும். சாஃப்ட்வேர் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாக, கழுத்தில் வேறு நிறப் பட்டையோடு ராத்திரி சர்வர் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆனால் நாங்கள் கம்பெனி மாறிவிடலாம்.

அவர்களால் முடியாது. இதுதான் எனக்கு உறுத்துகிறது. ஐந்து வருடம் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பலாம் என்று வந்தவர்கள் பலர். அந்த இரண்டாவது தகுதியை ஊரில் பல அரசுகள் ஏற்கவில்லை. அங்கே போனால் நர்ஸே இல்லை.

1964இல் கயானாவில் பிறந்த டாஃப்னி ஸ்டீல் பிரிட்டனின் முதல் கறுப்பின மேட்ரன் ஆனார். அவரிடம் முதல் தகுதி இருந்தது.

1980களின் கடைசியில் இரண்டு வருடப் படிப்பையே ஒழிக்க முடிவானது. இருபத்தைந்து வருடம் வார்டில் நின்றவர்களுக்கும் ஸ்டாஃப் நர்ஸ் ஆக மாற்றுப் படிப்பு ஒன்று வைத்தார்கள். சிலர் ஐம்பது வயசில் புத்தகத்தைத் திறந்தார்கள். சிலர் அந்த 'இ'யோடவே ஓய்வு பெற்றார்கள்.