நீர்மங்களின் கலப்பும் பிரிவும்

இரண்டு நீர்மங்களை ஒரே பாத்திரத்தில் ஊற்றினால் அவை ஒன்றாகக் கரையுமா, தனித்தனி அடுக்காக நிற்குமா என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பு. ஒரு நீர்மத்தின் மூலக்கூறுகள் தமக்குள் எவ்வளவு பலமாகப் பிணைந்திருக்கின்றன, அயல் மூலக்கூறுகளோடு அதே அளவு பிணைய முடியுமா என்பதே கேள்வி.

தேனி மாவட்டம் ஆண்டிபட்டிப் பக்கம் முருங்கை, மல்லிகை வைத்திருப்பவர்கள் பூச்சிக்கு வேப்பெண்ணெய் அடிக்கும் நாளில் இதை நேரிலேயே பார்க்கலாம். லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி எண்ணெய் என்பது வழக்கமான அளவு. பத்து லிட்டர் டேங்குக்கு 300 மில்லி. அதை அப்படியே ஊற்றினால் எண்ணெய் மேலே படலமாக நின்றுவிடும். தெளிப்பான் அடியிலிருந்து உறிஞ்சுவதால் முதல் வரிசைச் செடிகளுக்கு வெறும் தண்ணீர்தான் கிடைக்கும். டேங்க் காலியாகும்போது எண்ணெய் திரண்டு வந்து, பட்ட இடத்தில் இலை கருகும்.

ஒட்டாத உறவை ‘எண்ணெயும் தண்ணியும் மாதிரி’ என்று சொல்லிப் பழகியதால், இரண்டுக்கும் பகை என்றே நினைத்துவிடுகிறோம். உண்மையில் பகை கிடையாது. நீரின் பரப்பு இழுவிசை 25 பாகை செல்சியஸில் மீட்டருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூட்டன். புண்ணாக்கிலிருந்து எண்ணெய் பிரிக்கப் பயன்படும் ஹெக்சேனுக்கு அது சுமார் 18. இந்த இரண்டும் ஒன்றையொன்று கொஞ்சமும் இழுக்காதிருந்தால், அவை தொடும் இடத்தில் இழுவிசை இரண்டின் கூட்டாக 90 இருக்க வேண்டும். அளந்தால் 51 அளவில்தான் இருக்கிறது. குறைந்த அந்த 39, நீருக்கும் ஹெக்சேனுக்கும் இடையே ஈர்ப்பு உண்டு என்பதற்குச் சான்று.

பிறகு ஏன் பிரிகின்றன? தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் சற்றே எதிர்மின் தன்மையும், ஹைட்ரஜன் பக்கம் நேர்மின் தன்மையும் உண்டு. அதனால் ஒவ்வொரு மூலக்கூறும் அக்கம்பக்கத்தில் நான்கு மூலக்கூறுகள் வரை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொள்கிறது. ஒரு மோல் பிணைப்பை அறுக்க ஏறத்தாழ 20 கிலோஜூல் வேண்டும். எண்ணெயோ பெரும்பாலும் நீண்ட கார்பன் சங்கிலி. அதில் எலக்ட்ரான்களின் கணநேர அசைவால் எழும் ஈர்ப்பே முக்கியம்; 1930-இல் ஃபிரிட்ஸ் லண்டன் விளக்கியது இதைத்தான். அந்தச் சங்கிலி தண்ணீருக்குள் நுழைந்தால், சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் தங்கள் பிணைப்பை விட்டுவிடாமல் அதைச் சூழ்ந்து வரிசைப்பட வேண்டியிருக்கும். விருப்பம்போல் திரும்பி அசையும் சுதந்திரம் குறையும். சாதாரண வெப்பநிலையில் எண்ணெயை வெளியே தள்ளுவதில் பெரும்பங்கு இந்தச் சுதந்திர இழப்புக்குத்தான். தண்ணீர் தன்னோடு தானே ஒட்டிக்கொள்வதன் விளைவு இது.

எண்ணெயைப் போலன்றி, எத்தனால் என்ற ஆல்கஹால் தண்ணீரின் அந்த ஹைட்ரஜன் பிணைப்பு வலையிலேயே இடம்பிடித்துக்கொள்ளும். 50 மில்லி எத்தனாலும் 50 மில்லி தண்ணீரும் சேர்ந்தால் 100 மில்லி வராது, சுமார் 96 அல்லது 97 தான் வரும். மூலக்கூறுகள் அவ்வளவு நெருங்கி அமைகின்றன. எத்தனாலின் கார்பன் வால் பெட்ரோலோடும் சேரும். 2023 பிப்ரவரியில் இந்தியாவில் அறிமுகமான 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இந்த இருபக்க உறவால்தான் ஒரே நீர்மமாக நிற்கிறது. வண்டி டேங்கில் போதிய தண்ணீர் இறங்கிவிட்டால் எத்தனாலில் பெரும்பகுதி தண்ணீரோடு சேர்ந்து அடியில் தங்கும். ஆல்கஹால்களில் கார்பன் வால் நீள நீளத் தண்ணீரோடு உள்ள உறவு தளரும்: புரோப்பனால் வரை முழுதாகக் கலக்கும், பியூட்டனால் 100 மில்லி தண்ணீரில் 7, 8 கிராம் அளவே கரையும். வெப்பமும் நிலையை மாற்றும். அறை வெப்பநிலையில் அடுக்காகப் பிரியும் ஃபீனாலும் தண்ணீரும் சுமார் 66 பாகைக்கு மேல் எந்த விகிதத்திலும் கலந்துவிடும்.

வேப்பெண்ணெய்க்குத் துணை சோப்பு. அதன் மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரை நாடும், வால் எண்ணெய்க்குள் புகும். எண்ணெயில் சோப்புக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு நன்றாக அடித்துக் கலக்கிய பிறகே தண்ணீர் சேர்ப்பார்கள். மஞ்சளும் பழுப்புமாக இருந்த எண்ணெய், பால்போல வெளுக்கும். சோப்பு மூலக்கூறுகள் போர்த்திய நுண்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதே வெள்ளைக்குக் காரணம். இப்படி ஒரு நீர்மம் இன்னொன்றில் நுண்துளிகளாகப் பரவி நிற்பதே பால்மம்; பாலும் இதே வகைதான். அங்கே கொழுப்புத் துளிகளைப் புரதமும் பாஸ்போலிப்பிடுகளும் சூழ்ந்திருக்கின்றன. ஆனால் பால்மம் கரைசல் ஆகாது. துளிகள் மெல்ல ஒன்றுசேரும். அதனால்தான் டேங்கை அவ்வப்போது குலுக்குவதும், கலக்கியதை அன்றைக்கே அடித்து முடிப்பதும்.

உப்புத்தண்ணீர் போர்வெல் உள்ள தோட்டத்தில் இன்னொரு சிக்கல். அந்தத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைப் பிடித்துக் கரையாத கசடாக்கிவிடும். நுரை எழாது, எண்ணெயைப் போர்த்தச் சோப்பும் மிஞ்சாது. அங்கே மழைநீர் அல்லது வாய்க்கால் தண்ணீர் உதவும். முதலில் ஒரு சொம்பு கலந்து கால்மணி நேரம் வைத்து, மேலே எண்ணெய் பூக்கிறதா என்று பார்த்துவிட்டு டேங்கில் ஊற்றுவது நல்லது.