வெண்ணெயும் மிளகும்: பிரெஞ்சுக்காரர் சாப்பாடும் அவர்கள் அடையாளமும்

நான் பிறந்தது வந்தவாசிப் பக்கத்தில் ஒரு சிற்றூர். 1760 ஜனவரியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்தாரே, அதே வந்தவாசி. "பிரெஞ்சுக்காரன் மட்டும் இங்கே ஜெயிச்சிருந்தா நாமெல்லாம் இப்போ பிரெஞ்சு பேசிட்டிருப்போம்" என்று ஊர்ப் பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து சொல்வார்கள். பிரெஞ்சுக்காரரைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது அவ்வளவுதான். பிறகு பம்பாய் வந்து, மஸ்ஜித் பந்தரில் மிளகு, மல்லி, மஞ்சள் மூட்டைகளுக்கு நடுவே கணக்கு எழுதி, சந்தை வாஷிக்குப் போனபோது நானும் கூடவே போய், வயது அறுபத்தெட்டு ஆகிவிட்டது. பட்டம் எதுவும் படிக்காதவன். கடை சாத்திய பிறகு கிடைத்ததைப் படிக்கும் பழக்கம் உண்டு. அந்தத் துணிவில்தான் இந்தக் கட்டுரை.

என் மூத்த மகளின் பெண் கல்லூரி மாணவி. சென்ற ஆண்டு ஜூன் மாதம் மூன்று வாரப் படிப்பு ஒன்றுக்காகப் பிரான்ஸ் நாட்டு லியோன் நகருக்குப் போனாள். பாடம் என்ன தெரியுமா? பிரெஞ்சு உணவும் பண்பாட்டு அடையாளமும். "சாப்பாட்டைப் படிக்க லட்சக்கணக்கில் செலவு பண்ணி அவ்வளவு தூரம் போகணுமா?" என்று நான் கேட்டது உண்மை. முதல் நாள் வகுப்பில் ஆசிரியை ஒவ்வொருவரையும், உன்னை யார் என்று காட்டும் உணவு எது என்று கேட்டாராம். மற்ற நாட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு பண்டத்தைச் சொன்னார்கள். எங்கள் பெண் எழுந்து, "நாங்கள் மாமிசம் சாப்பிட மாட்டோம், முட்டை சாப்பிட மாட்டோம், கிழங்கு, வெங்காயம், பூண்டு சேர்க்க மாட்டோம்" என்றாள். ஆசிரியை சிரித்துக்கொண்டே, "சாப்பிடாததை எல்லாம் சொன்னாய், சாப்பிடுவது எது?" என்று கேட்டிருக்கிறார். இவளுக்குப் பதில் வரவில்லை.

அன்று இரவே போன் வந்தது. "தாத்தா, எனக்குச் சொல்லத் தெரியலை." அந்த ஒரு வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. பிரெஞ்சுக்காரருக்கு மட்டும் இந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் கிடைத்தது என்று தேட ஆரம்பித்தேன். தேடியதில் கிடைத்ததை அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மிளகு போய் வெண்ணெய் வந்த கதை

பிரெஞ்சுச் சமையல் என்றாலே வெண்ணெய், பாலாடை, மெல்லிய மணம், காரம் கிடையாது என்று நினைக்கிறோம். ஆதியில் அப்படி இல்லை. 14ஆம் நூற்றாண்டில் தாயவான் என்ற அரண்மனைச் சமையல்காரர் பெயரில் வழங்கும் 'வியாந்தியே' என்ற நூலில் இஞ்சி, பட்டை, கிராம்பு, மிளகு, திப்பிலி எல்லாம் தாராளமாக வருகின்றன. பட்டியலைப் பார்த்தால் நம் நாட்டு மருந்துக்கடை மாதிரி இருக்கிறது! மிளகு மலபார்க் கரையிலிருந்து அலெக்சாண்டிரியா போய், வெனிஸ் வியாபாரிகள் கைமாறி, பிறகுதான் பாரிசை எட்டியது. விலை எக்கச்சக்கம். விருந்தாளிக்கு மசாலா நிறையப் போடுவது பணக்காரன் தன் செல்வாக்கைக் காட்டும் வழி. பிரெஞ்சு மொழியில் மளிகைக்காரருக்கு 'எபிசியே' என்று பெயர். நேர்ப்பொருள் மசாலா விற்பவர். என் தொழிலின் பெயரைக் கேட்டதும் எனக்கு அந்த மொழியின் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது.

1498இல் வாஸ்கோடகாமா கோழிக்கோடு வந்தார். போர்த்துகீசியர், அடுத்து டச்சுக்காரர் என்று கப்பல்கள் நேரடியாக வர ஆரம்பித்தன. காலப்போக்கில் மசாலா மலிந்து நடுத்தர வீட்டு அடுப்புக்கும் வந்தது. எல்லார் வீட்டிலும் இருக்கும் பொருளில் பிரபுவுக்கு என்ன பெருமை? 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மேல்தட்டுக் கூட்டம் மசாலாவை விட்டு வெண்ணெய், பச்சிலை, பண்டத்தின் இயல்பான சுவை என்று திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர் பலர் சொல்கிறார்கள். சந்தையில் நாற்பது வருஷம் இருந்தவனுக்கு இது விளங்காத விஷயமில்லை. விலை விழுந்தால் மவுசும் போகும். 1651இல் லா வாரேன் என்ற சமையல்காரர் 'பிரெஞ்சுச் சமையல்காரர்' என்ற பெயரிலேயே ஒரு நூல் வெளியிட்டார். புதுப் பாணிக்கு அது அடையாளம். ஆக, 'தொன்றுதொட்டு' என்று நாம் நினைக்கும் பிரெஞ்சுச் சமையலுக்கு வயது சுமார் முந்நூற்றைம்பது ஆண்டு.

ரொட்டியும் உருளைக்கிழங்கும்

அரண்மனையில் வெண்ணெய் உருகியபோது ஏழை வயிற்றை நிரப்பியது ரொட்டி ஒன்றுதான். அதன் விலை ஏறினால் ஊரே கொதிக்கும். 1775இல் மாவுக்காகவே கலகங்கள் நடந்தன. 1789 அக்டோபரில் பாரிஸ் பெண்கள் ரொட்டி கேட்டு வெர்சாய் அரண்மனைக்கு நடந்து போய் அரசனையே கையோடு அழைத்து வந்தார்கள். ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும் என்று ராணி மரி அந்துவானெத் சொன்னதாக நம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள் இல்லையா? அதற்கு ஆதாரம் கிடையாது. ரூசோ தம் சுயசரிதையில் பெயர் சொல்லாத ஓர் இளவரசி தலையில் ஏற்றிய கதை அது. அவர் அதை எழுதிய காலத்தில் மரி அந்துவானெத் ஆஸ்திரியாவில் சிறுமி.

உருளைக்கிழங்கின் கதை எனக்கு இன்னும் ருசியானது. எங்கள் வீட்டில் சமண முறைப்படி கிழங்கு சேர்ப்பதில்லை. மண்ணைத் தோண்டி எடுத்தால் பல உயிர் போகும் என்பது எங்கள் கணக்கு. பிரெஞ்சுக்காரரும் அதைத் தொடாமல்தான் இருந்தார்கள், காரணம் வேறு. அது பன்றித் தீனி, தின்றால் குஷ்டம் வரும் என்று பயம். அந்த நேரத்தில் ஏழாண்டுப் போர் வந்தது. எங்கள் வந்தவாசியில் லாலி தோற்றதும் அதே போரில்தான். பிரஷ்யர் கையில் சிக்கிய பார்மாந்தியே என்ற ராணுவ மருந்தாளர், சிறையில் கொடுத்த உருளைக்கிழங்கைத் தின்று நோய்நொடி இல்லாமல் திரும்பினார். திரும்பியவர் சும்மா இருக்கவில்லை, அதற்காகவே வாதாடினார். 1772இல் பாரிஸ் மருத்துவப் புலம் இது உண்ணத் தக்கது என்று அறிவித்தது. இன்று பாரிசில் ஒரு மெட்ரோ நிலையத்துக்கு அவர் பெயர். வெளியூர்ச் சரக்கு எத்தனை சீக்கிரம் 'நம்முடையது' ஆகிவிடுகிறது பாருங்கள். நம் மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதாமே!

எழுதி வைத்தார்கள், சட்டமும் போட்டார்கள்

'ரெஸ்டாரண்ட்' என்ற சொல் முதலில் கடையைக் குறிக்கவில்லை. உடம்பைத் தேற்றும் சூப்புக்குப் பெயர் அது. 1760களில் பாரிசில் அந்தச் சூப்பு விற்ற கடைகளுக்கே பிறகு அந்தப் பெயர் நிலைத்தது. புரட்சியில் பிரபுக்கள் போனதும் வேலை இழந்த சமையல்காரர் பலர் தெருவில் கடை போட்டார்கள். அரண்மனைச் சோறு காசுள்ளவனுக்குக் கிடைத்தது.

அடுத்து வந்தவர் கரேம் (1784–1833). ஏழை வீட்டில் பிறந்து மன்னர்களுக்குச் சமைத்தவர். குழைவுச் சாறுகளை அம்மா சாறு, பிள்ளைச் சாறு என்பதுபோல் வகை பிரித்து இலக்கணம் எழுதினார். 1903இல் எஸ்கோஃபியே வெளியிட்ட 'சமையல் வழிகாட்டி' உலக ஓட்டல்களுக்கெல்லாம் பாடநூல் ஆனது. 1900இல் மிஷெலின் டயர் கம்பெனி கார் ஓட்டிகளுக்கு ஓர் இலவசக் கையேடு போட்டது. ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்டால்தானே டயர் தேயும்! வியாபாரி மூளை. 1933இல் அந்தக் கையேட்டில் இரண்டு உணவகங்களுக்கு மும்மூன்று நட்சத்திரம் வாங்கியவர் லியோன் பகுதியைச் சேர்ந்த எழெனி பிராசியே என்ற அம்மையார். சிறு வயதில் பண்ணையில் வேலை செய்தவர்.

பிறகு சட்டம். ஷாம்பெய்ன் பகுதியில் வியாபாரிகள் வெளியூர்த் திராட்சையைக் கலந்து அதே பெயரில் விற்றதால் 1911இல் விவசாயிகள் கிளர்ந்து எழுந்து வீடுகளைக் கொளுத்தினார்கள். ஊர்ப்பெயருக்குக் காவல் வேண்டும் என்ற எண்ணம் இப்படித்தான் வலுத்தது. 1925இல் ரோக்ஃபோர் பாலாடைக்கட்டிக்குத் தனிச் சட்டம். 1935இல் அதற்கென்றே ஒரு தேசிய அமைப்பு. 1993இல் ரொட்டிக்கும் ஆணை வந்தது. 'பிரெஞ்சுப் பாரம்பரிய ரொட்டி' என்று சொல்ல வேண்டுமானால் வேறு கூட்டுப்பொருள் சேர்க்கக் கூடாது, மாவை உறைய வைக்கக் கூடாது. 2010இல் பிரெஞ்சு விருந்து முறையையும் 2022இல் பகெத் ரொட்டியின் கைப்பக்குவத்தையும் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. 2010இல் பட்டியலில் ஏறியது ஒரு பண்டம் அல்ல. நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, வரிசை முறைப்படி, பேசிக்கொண்டே சாப்பிடும் பழக்கம். என் பேத்திக்கு வகுப்பில் அதிகம் சொல்லிக் கொடுத்ததும் அதைத்தான்.

அந்த மேசையில் யாருக்கு இடம்?

இத்தனை பெருமையிலும் ஒரு முள் இருக்கிறது. 'இதுதான் எங்கள் சாப்பாடு' என்று ஒரு தேசம் சொன்னால் அதைச் சாப்பிடாதவன் யார் என்ற கேள்வி வரும். 2015இல் ஷலோன் என்ற நகரின் மேயர், பள்ளிச் சாப்பாட்டில் பன்றி இறைச்சிக்கு மாற்று கொடுப்பதை நிறுத்தினார். முஸ்லிம், யூதக் குழந்தைகளுக்குச் சங்கடம். வழக்கு உச்ச நிர்வாக நீதிமன்றம் வரை போயிற்று. மாற்று கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆனால் கொடுப்பதற்குத் தடையும் இல்லை என்று 2020இல் தீர்ப்பு வந்தது. 2019 முதல் பள்ளிகளில் வாரம் ஒரு வேளை இறைச்சி, மீன் இல்லாத உணவு என்று சட்டம் வந்தது. 2021 பிப்ரவரியில் லியோன் மேயர், கொரோனா நெருக்கடியில் பள்ளிகளில் கொஞ்ச நாள் இறைச்சியை நிறுத்தியதற்கு அமைச்சர்களே கண்டனம் செய்தார்கள். விவசாயிகள் டிராக்டரும் மாடுமாக நகர மன்றத்தின் முன் வந்து நின்றார்கள். அந்தச் சாப்பாட்டில் மீனும் முட்டையும் இருந்தன என்பது வேறு விஷயம்!

பேத்தி பட்ட பாடும் இதுவே. பாலாடைக்கட்டி சாப்பிடலாமே என்றால், பழைய முறைக் கட்டிகளில் பெரும்பாலானவற்றை உறைய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள். விசாரித்து அறிந்து அதையும் விட்டாள். ரொட்டி, பழம், காய்கறி என்று மூன்று வாரம் ஓட்டினாள். ஒரே சலுகை, லியோனில் ஜூன் மாதம் சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகிறதாம். பொழுது சாய்வதற்கு முன் சாப்பிடும் எங்கள் நியமத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து நம் மக்களைக் கரும்புத் தோட்டக் கூலிகளாக மர்த்தினிக் தீவுக்கும், அடுத்த ஆண்டு முதல் குவாதலூப் தீவுக்கும் ஏற்றிப் போனார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் தமிழை மறந்துவிட்டார்கள். ஆனால் மல்லி, சீரகம், கடுகு, வெந்தயம், மஞ்சள் சேர்த்த 'கொலம்போ' என்ற குழம்பு இன்றும் அங்கே எல்லார் வீட்டிலும் கொதிக்கிறது. 'குழம்பு' என்ற சொல்லே அப்படித் திரிந்தது என்று கருதுவோர் உண்டு. ரெயூனியன் தீவின் 'ருகாய்' நம் ஊறுகாய் என்பார்கள். மொழி போன பிறகும் அடுப்பு நினைவு வைத்திருந்தது. இதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமும் வந்தது, வயிற்றைக் கலக்கவும் செய்தது. நாளைக்கு மும்பையில் நம் பிள்ளைகளுக்கும் சாம்பார் மட்டும்தான் மிஞ்சுமா?

நம் வீட்டுக் கணக்கு

என் நிலைமை கொஞ்சம் விசித்திரம். சந்தையில் குஜராத்தி ஜைனர்கள் என்னை மதராசி என்பார்கள். தமிழ் அன்பர்கள் ஜைனன் என்றதும் "சேட் நல்லாத் தமிழ் பேசுறாரே" என்பார்கள். ஓட்டலுக்குப் போனால் சமணனான நானே "சைவம் இருக்கா?" என்றுதான் கேட்க வேண்டும், தமிழில் அதற்கு வேறு வழக்குச் சொல் இல்லை! இப்படி இருப்பவன் வீட்டுப் பெண்ணுக்கு 'சாப்பிடாதது' மட்டும் தெரிந்ததில் குற்றம் யாருடையது? என்னுடையதுதான். விலக்க வேண்டியதை எல்லாம் கண்டிப்பாகச் சொல்லிக் கொடுத்தேன். என் அம்மா அம்மியில் அரைத்து வைத்த மிளகுக் குழம்பைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

பிரெஞ்சுக்காரரிடம் நான் கற்ற பாடம் இது. அவர்கள் சாப்பாடு மிகப் பழையதும் அல்ல, முழுக்க அவர்களுடையதும் அல்ல. எழுதினார்கள், பெயர் வைத்தார்கள், கலப்படம் வந்தபோது சண்டை போட்டார்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நம்மிடமும் முயற்சி இல்லாமல் இல்லை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019இலும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் வீட்டுச் சமையலுக்கு யார் குறியீடு தருவார்கள்? நாம்தான் தர வேண்டும்.

பேத்தி திரும்பி வந்த பிறகு என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத ஆரம்பித்திருக்கிறாள். தமிழ் எழுத்து தட்டுத் தடுமாறித்தான் வருகிறது. 'மிளகு' என்பதில் 'ள'வா 'ல'வா என்று என்னிடம் வந்து கேட்கிறாள். இதுவரை பதினொரு பக்கம் ஆகியிருக்கிறது. சங்கத்து அன்பர்களும் தத்தம் வீட்டுப் பாட்டிமார் கைப்பக்குவத்தை, அளவும் பக்குவமும் சேர்த்து, ஊர்ப் பெயரோடு எழுதி அனுப்பினால் அடுத்த ஆண்டு மலரில் சில பக்கங்கள் அதற்கு ஒதுக்கலாம் என்பது என் வேண்டுகோள். எழுதுவது பிள்ளைகள் கையெழுத்தாக இருந்தால் இன்னும் நல்லது.