அணுமின் நிலையங்களில் வானிலைக் கண்காணிப்பும் அதன் தர மதிப்பீடும்

தொழிற்சாலையின் புகைபோக்கியிலிருந்து வெளியேறும் பொருள் எந்தப் பக்கம் போகும், எவ்வளவு நீர்த்துப்போகும் என்பதை அறிய, தொழிற்சாலை வளாகத்திலேயே காற்றின் வேகம், திசை, வெவ்வேறு உயரங்களின் வெப்பநிலை ஆகியவற்றைத் தொடர்ந்து அளந்து பதிவு செய்வதே வளாக வானிலைக் கண்காணிப்பு ஆகும். இந்த அளவீடுகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்வியை மிக விரிவாக ஆராய்ந்த துறைகளுள் அமெரிக்க அணுசக்தித் துறை ஒன்று.

வாசிங்டன் மாநிலத்தின் ஆன்ஃபோர்டு புளுட்டோனிய வளாகத்தில் 1944-ஆம் ஆண்டிலேயே வானிலை நிலையமும் 120 மீட்டருக்கு மேல் உயர்ந்த கோபுரமும் அமைந்துவிட்டன. ஆனால் கோபுரம் இருப்பது மட்டும் போதாது என்பதற்கு அதே வளாகம்தான் சான்றானது. 1949 டிசம்பர் 2, 3 தேதிகளில், சோவியத் ஒன்றியத்தின் புளுட்டோனிய உற்பத்தியைத் தொலைவிலிருந்து கண்டறியும் முறைகளைச் சோதிப்பதற்காக, போதிய நாட்கள் குளிரவிடப்படாத எரிபொருள் அங்கு வேண்டுமென்றே கரைக்கப்பட்டது. ஏறத்தாழ 8,000 கியூரி அயோடின்-131 காற்றில் கலந்ததாக மதிப்பிடப்படுகிறது. வானிலை எதிர்பார்த்தபடி அமையவில்லை. கதிரியக்கம் சுற்றுவட்டாரத்திலேயே பெருமளவு படிந்தது. அப்பகுதி மக்களுக்கு இச்செய்தி 1986-இல்தான் தெரியவந்தது.

பிரித்தானிய வானிலையாளர் பிராங்க் பாஸ்குவில் 1961-இல் வெளியிட்ட கட்டுரை, காற்று மண்டலத்தின் நிலைத்தன்மையை சில வகுப்புகளாகப் பிரித்துப் பரவலைக் கணிக்க எளிய வழி தந்தது. வெயிலடிக்கும் பகலில் காற்று மேலும் கீழும் கலங்குவதால் புகை விரைவில் நீர்த்துவிடும். தெளிந்த, காற்று அடங்கிய இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து அசையாமல் நிற்பதால் புகை கலையாது. பாஸ்குவிலின் முறைக்கு வெயில், மேகம், காற்று வேகம் ஆகிய எளிய குறிப்புகளே போதுமாயிருந்தன. அமெரிக்க அணுசக்தி ஆணையம் 1972-இல் வெளியிட்ட 23-ஆம் எண் பாதுகாப்பு வழிகாட்டி வேறு வழியில் சென்றது. கோபுரத்தின் இரு உயரங்களுக்கு இடையிலான வெப்பநிலை வேறுபாட்டைக் கொண்டு வகுப்பைத் தீர்மானிக்கும்படி அது கூறியது.

சிக்கல் இங்கேதான் எழுகிறது. 100 மீட்டருக்கு −1.9 முதல் −1.7 பாகை செல்சியசு வரை ஒரு வகுப்பு, −1.7 முதல் −1.5 வரை அடுத்த வகுப்பு. வழக்கமாக 10 மீட்டர், 60 மீட்டர் உயரங்களில் உணரிகள் பொருத்தப்படுகின்றன. இடைவெளி 50 மீட்டர்தான் என்பதால், ஒவ்வொரு வகுப்பின் அகலமும் உண்மையில் 0.1 பாகையே. கருவிக்கு அனுமதிக்கப்பட்ட பிழையும் கூட்டியோ குறைத்தோ 0.1 பாகை! விதிக்கு முற்றிலும் உட்பட்ட கருவிகூட வகுப்பைத் தவறாகச் சொல்ல முடியும். எனவே உணரியின் மேல் வெயில் விழாமல் காக்கும் மறைப்பு, அதனுள் காற்றை இழுக்கும் விசிறி, குறித்த காலத்தில் அளவுத்திருத்தம் போன்ற சிறிய விவரங்களே பதிவின் மதிப்பை முடிவு செய்கின்றன.

1979 மார்ச் 28-இல் திரீ மைல் தீவு விபத்து நேர்ந்தது. அதற்கு முன் வானிலைப் பதிவுகள் பெரும்பாலும் உரிம விண்ணப்பத்துக்கான ஆண்டுக் கணக்குகளாகவே கருதப்பட்டன. 1980-இல் வந்த அவசரகாலத் திட்ட நெறிகளுக்குப் பின், அந்த நேரத்துக் காற்றின் நிலை உடனுக்குடன் கையில் இருக்க வேண்டியதாயிற்று.

2007-இல் திருத்தப்பட்ட வழிகாட்டி, ஆண்டுக்கு 90 விழுக்காடு பதிவுகளேனும் கிடைக்க வேண்டும் என்கிறது. வேகம், திசை, நிலைத்தன்மை மூன்றும் ஒரே மணிநேரத்தில் சேர்ந்து கிடைத்தால்தான் அது கணக்கில் வரும். இதன்படி 876 மணிநேரம் விடுபட்டாலும் திட்டம் தேறிவிடும். ஆனால் எண்ணிக்கை மட்டும் பார்ப்பது ஏமாற்றம் தரலாம்: விடுபட்டவை எல்லாம் பனி உறைந்து கிண்ணம் சுழலாத இரவுகளாக இருந்தால், கணக்கில் தேறிய அந்த ஆண்டு மிக ஆபத்தான வேளைகளைக் காணாமலே போயிருக்கும்.

ஆகவே அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் பதிவையே குறுக்கு விசாரணை செய்கிறார். நள்ளிரவில் காற்று மிகவும் நிலையற்றது என்றோ, நண்பகல் வெயிலில் மிகவும் நிலையானது என்றோ பதிவு அடிக்கடி சொன்னால் உணரியில் கோளாறு இருக்கக்கூடும். திசை பல மணிநேரம் ஒரே எண்ணில் நின்றால் காற்றுத்திசைகாட்டி சிக்கியிருக்கலாம். கோபுரத்தருகே பின்னாளில் எழுந்த கட்டடமும் வளர்ந்த மரமும்கூடக் கணக்கில் எடுக்கப்படுகின்றன. ஒரு தடையிலிருந்து அதன் உயரத்தைப் போல் பத்து மடங்கு தொலைவில் காற்றளவி நிற்க வேண்டும் என்பது விதி.