ஆடையும் அந்தஸ்தும்: 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரிக் கரை

புதுச்சேரியை அடுத்த குயிலாப்பாளையம் முதல் மரக்காணம் உப்பளங்கள், ஆலம்பரைக் கோட்டை வரையிலான கரையில், 18ஆம் நூற்றாண்டில் ஒருவருடைய நிலையை அவர் உடுத்தியதே சொன்னது. உயர்ந்த ஆடையின் மதிப்பை உடுத்தியவர் நிர்ணயிக்கவில்லை, கொடுத்தவரே நிர்ணயித்தார்.

இதற்கு முதன்மைச் சான்று ஆனந்தரங்கப் பிள்ளையின் (1709–1761) நாட்குறிப்பு. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும்) இருந்த அவர், 1736 முதல் தம் இறுதிக் காலம் வரை இதை எழுதினார். கும்பினியார் (பிரெஞ்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தார்) வெகுமானமாக வழங்கிய பொருள்களில் சகலாத்துக்குத் தனி இடம் உண்டு. ஐரோப்பிய ஆட்டு மயிரில் நெய்த கனத்த துணி அது. சித்திரை வெயிலில் அதைப் போர்த்துவதால் உடம்புக்கு ஒரு பயனும் இல்லை. ஆனாலும் யாருக்கு எத்தனை கசம் (கெஜம்) கிடைத்தது என்பதை ஊர் கவனித்தது. சகலாத்தின் பயன் அந்தக் கவனிப்பில்தான் இருந்தது.

முகலாய வழக்கமும் இதுவே. நவாபு அங்கி, தலைப்பாகை, கச்சை தந்தால் வாங்குபவர் அவருடைய ஆதரவுக்கு உட்பட்டவர் என்று பொருள். 1750 டிசம்பரில் தக்காண சுபேதார் முசபர் சங் புதுச்சேரிக்கு வந்தபோது, துய்ப்ளேயே முகலாய உயர்குடியினரின் உடையில் தோன்றினார். ஆலம்பரைக் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான்.

செருப்பு இன்னும் கூர்மையான எல்லைக்கோடு. ஆளுநர் மாளிகை முற்றம் வரை மேளதாளத்துடன் பல்லக்கில் செல்லவும், பொற்பூண் பிடித்த தடி வைத்திருக்கவும், உள்ளே செருப்புடன் நடக்கவும் பிள்ளை தனி உரிமை பெற்றிருந்தார். ஒருவருக்குச் சலுகையாகத் தரப்பட்டதிலிருந்தே மற்றவர் நிலை விளங்கும்.

இக்கரையின் துணிக்குக் கடலுக்கு அப்பாலும் வேறு வேறு பொருள் இருந்தது. சாயவேரால் சிவப்பேற்றிய சீட்டித் துணியைப் பிரான்சு 1686 முதல் 1759 வரை தடை செய்தும் அங்குள்ள பெண்கள் விடாமல் உடுத்தினர். புதுச்சேரியின் அவுரி நீலத்துணி மேற்கு ஆப்பிரிக்காவில் பணம்போலப் புழங்கியது. அங்கு கிடைத்த மரப்பிசினுக்கு மட்டுமல்ல, அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்களுக்கும் அது விலையாயிற்று. புதுச்சேரியின் வணிகப் பெருமை பேசும் நூல்கள் இதை ஒரு வரியில் கடப்பது நியாயமல்ல.

காலணித் தடை ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் தொடர்ந்தது. 1873இல் ஐரோப்பியக் காலணியுடன் வந்த வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளையைப் புதுச்சேரி நீதிமன்றம் ஏற்கவில்லை. அவர் பாரிஸ் வரை வழக்கைக் கொண்டுசென்று வென்றார். மரபுவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்க வழிசெய்யும் ஆணை 1881 செப்டம்பர் 21 அன்று வெளிவந்தது. அதன்படி பொன்னுத்தம்பி லப்போர்த் என்ற குடும்பப்பெயரைச் சூடிக்கொண்டார்.